டிசம்பரில் போன அமைச்சர்கள்

கடை மூடுகிற நாளில் எந்தக் கடையும் நொடிப்பதில்லை. நொடித்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கும். பூட்டு வாங்கத்தான் அத்தனை நாள் தாமதம். அந்த ஒரு வருஷத்தில் முதலாளி முன்னைவிட நல்ல சட்டை போடுவார். வருகிறவர்களுக்கு ஒரு டீ கூடுதலாகச் சொல்வார். வியாபாரம் எப்படி என்று யாராவது கேட்டால், கேட்டவர் முதுகில் தட்டிச் சிரிப்பார். பேச்சு வருமுன்பே பேரம் வந்துவிட்ட குடும்பம் எங்களுடையது. ஆகவே இது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். என் மனைவிக்குத் தெரிந்துகொள்ள ஏழு வருஷம் பிடித்தது. அவளிடம் ஆதாரம் இருக்கிறது, என்னிடம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆராய்ச்சி செய்கிறவள். நான் டைல்ஸ் விற்கிறவன். ஒரு நாடு வாங்கிய கடனை இனிமேல் கட்ட முடியாது என்று உலகத்திடம் கைவிரிக்கிறதே, அதுதான் அவளுடைய பாடம். கையை விரிக்க வேண்டியவர் நிதியமைச்சர். விரித்தால் நாற்காலி போய்விடும் என்று அவர் பயப்படுகிறார். பயந்து தள்ளிப் போடுகிறார். தள்ளிப் போடும் ஒவ்வொரு மாதமும் பழைய கடனுக்கு வட்டி கட்டப் புதுக் கடன் வாங்குகிறார். கடைசியில் வாயைத் திறக்கும்போது விரிப்பதற்குக் கைகூட மிஞ்சியிருக்காது.

"இதை என்கிட்ட கேட்டிருந்தா ஒரு டீக்குச் சொல்லியிருப்பேனே, டாக்டரம்மா" என்றேன் ஒருநாள்.

"உங்ககிட்ட இருக்கிறது கதை, முதலாளி. எனக்கு வேண்டியது எண்."

எண் கிடைத்தது. கடந்த நூறு வருஷத்தில் தொண்ணூற்றாறு கைவிரிப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் அமைச்சர் என்றைக்கு அறிவித்தார், என்றைக்குப் பதவி இழந்தார் என்று தேதி தேதியாகக் கோத்தாள். பத்தில் ஏழு பேர் அறிவித்த ஒரு வருஷத்துக்குள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆகவே பயத்தைப் போக்கினால்தான் நாடு பிழைக்கும் என்று கட்டுரை முடிந்தது. பெரிய ஆய்விதழ் ஒன்று அதை ஏற்றுக்கொண்டது. துறையில் கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. பாதி கிரீமை டப்பாவின் மூடி தின்றுவிட்டிருந்தது.

கேக்குக்குக் காரணம் கட்டுரை மட்டுமில்லை. அவளுடைய வேலை ஆறு வருஷ ஒப்பந்தம்; வரும் ஜூனில் முடிகிறது. அதற்குமுன் ஒரு குழு கூடி, ஓய்வு பெறும்வரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, வாழ்த்தி வழியனுப்புவதா என்று முடிவு செய்யும். நடுவில் இன்னொரு வழி கிடையாது. நாற்பத்தொரு வயதில் வழியனுப்பப்பட்டவளை வேறு பல்கலைக்கழகம், 'அங்கே ஏன் வைத்துக்கொள்ளவில்லை?' என்றுதான் முதலில் கேட்கும். திருப்பி அனுப்பிய சரக்கை யார் விலைக்குக் கேட்பார்கள். குழு கூடும் நாள் வெள்ளிக்கிழமை. கையில் இருந்த ஒரே துருப்பு அந்தக் கட்டுரை.

இதற்கு ஐந்து நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில் அவள் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்திருந்தாள். ஆய்விதழுக்குக் கட்டுரையோடு எண்கள் இருக்கிற கோப்பையும் அனுப்ப வேண்டுமாம். சந்தேகப்படுகிறவர் யாரும் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாமாம். எதிரே நான் ஒழுகுகிற குழாயின் வாஷரை நகத்தால் நோண்டிக்கொண்டிருந்தேன்.

"டிசம்பர்" என்றாள்.

"என்ன டிசம்பர்?"

"இவங்க எல்லாரும் டிசம்பர்லயே போயிருக்காங்க. நாப்பத்தொரு பேர்."

"வருஷக் கடைசி. லீவு பாக்கி இருந்திருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. சாதாரணமாக என் மட்டமான ஜோக்குக்குக்கூட மூக்கால் ஒரு காற்று விடுவாள்; அன்றைக்கு அதுவும் இல்லை. வாஷரைக் கீழே வைத்தேன்.

நடந்தது இது. ஏழு வருஷத்துக்கு முன் தேதிகளைச் சேர்க்கத் தொடங்கியபோது, நாற்பத்தொரு அமைச்சர்கள் பதவியிழந்த வருஷம் மட்டும் கிடைத்தது, மாதம் கிடைக்கவில்லை. காலியாக விட்டால் கணக்குப் போடும் மென்பொருள் அந்த வரியையே தூக்கி எறிந்துவிடும். ஆகவே தற்காலிகமாக எல்லாருக்கும் டிசம்பர் என்று போட்டு, மறந்துவிடக் கூடாதே என்று அந்தக் கட்டங்களுக்கு மட்டும் மஞ்சள் அடித்து வைத்தாள். பல நூலகங்களுக்குக் கடிதம் எழுதி, பழைய அரசிதழ்களின் நகல் கேட்டாள். நகல்கள் நத்தை மாதிரி வந்துகொண்டிருந்தன; எல்லாம் சேர்ந்த பிறகு ஒரேயடியாகத் திருத்தலாம் என்று ஒரு உறையில் போட்டு வைத்தாள். நடுவில் ஒருநாள், கோப்பை மென்பொருளுக்கு ஏற்றபடி மாற்றிச் சேமித்தாள். மாற்றும்போது எண்கள் அப்படியே வரும், நிறம் வராது. மஞ்சள் போய்விட்டது. டிசம்பர் நின்றுவிட்டது. பிறகு ஐந்து வருஷம் அந்த வெள்ளைக் கோப்பிலேயே வேலை செய்தாள். கடைசி அரசிதழ்க் கட்டு போன மாதம் வந்தது. கோப்போடு சேர்த்து அனுப்பலாம் என்று அந்த உறையை அன்றைக்குத்தான் பிரித்தாள்.

"மாசம் மாறினா என்ன, போனது போனதுதானே?"

"இல்லீங்க. மார்ச்ல போனவரை டிசம்பர்ல போனதா போட்டிருக்கேன். ஆகஸ்ட்ல கைவிரிச்சிருக்காங்க. என் கணக்குல இவர் கைவிரிச்சார், அப்புறம் போனார். நிஜத்துல இவர் மொதல்லயே போயிட்டார். கைவிரிச்சது அடுத்து வந்தவர்."

"எத்தனை பேர் இப்படி?"

"இருபத்தொன்பது."

மறைத்து மறைத்து மூச்சுத் திணறி ஓடிப்போனவர்கள் இருபத்தொன்பது பேர். அந்த நாற்காலியில் புதிதாக வந்து உட்கார்ந்து, 'இது நான் வாங்கிய கடனில்லை' என்று முதல் வாரத்திலேயே கையை விரித்தவர்கள் இருபத்தொன்பது பேர். புதியவர்களில் இருபத்தாறு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அவள் மேசையிலேயே கணக்கைத் திரும்பப் போட்டாள். பத்தில் ஏழு என்பது பத்தில் நாலாக இறங்கியது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது என்ற கட்டுரையின் அடித்தளமே ஆடிவிட்டது.

"எத்தனை பேருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். வியாபாரியின் முதல் கேள்வி அதுதான்.

"எனக்கு. இப்ப உங்களுக்கு."

"அப்ப யாருக்கும் தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்டுபிடி" என்றேன்.

"அதான் கண்டுபிடிச்சாச்சே."

"திரும்பக் கண்டுபிடி. கூட்டம் முடியட்டும், கையெழுத்து விழட்டும். ஆறு மணிக்கு உறையைப் பிரி. ஐயோன்னு நெஞ்சுல கை வை. நான் சாட்சி சொல்றேன். அஞ்சு நாள்ல யார் குடியும் முழுகிடாது."

"இதைத்தாங்க தொண்ணூத்தாறு பேரும் சொல்லியிருக்காங்க" என்றாள். ஆனால் லேப்டாப்பை மூடினாள். உறையை மறுபடி ஒட்டினாள். பசை பிடிக்காமல் மேலே டேப் போட்டாள். கல்யாணமான பதினான்கு வருஷத்தில் என் யோசனையை அதற்குமேல் வாதாடாமல் அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பேரம் பேசாமல் ஒத்துக்கொள்ளும் ஆளிடம் சரக்கைத் தராதே என்பார் என் அப்பா.

எங்கள் நாடும் அப்போது அந்த ஒரு வருஷத்தில்தான் இருந்தது என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். பெட்ரோல் பங்கில் வண்டிகள் இரண்டு தெருவுக்கு நின்றன. துறைமுகத்தில் கப்பல்கள் காசைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறப்போம் என்றன. என் கடைக்கு வெளிநாட்டு டைல்ஸ் வந்து ஐந்து மாதம். நிதியமைச்சர் மட்டும் வாரா வாரம் டிவியில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு சிரித்தார்.

திங்கட்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவளுடைய தோழி போன் செய்தாள். கல்லூரியில் ஒரே பெஞ்ச். இப்போது நிதி அமைச்சகத்தில் அதிகாரி. கை இரண்டும் துணியில் இருந்ததால் என் மனைவி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னடி, நீ இப்ப எங்க ஆபீஸ்ல எவ்வளவு பெரிய ஆள்னு தெரியுமா?"

"ஏன், என்னாச்சு?"

"உன் கட்டுரையோட மொதல் பக்கத்தை அமைச்சர் மேசைக் கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கார். பத்தில் ஏழுங்கிற எடத்துல சிவப்புல ரெண்டு கோடு. அறிவிச்சுடலாம் சார்னு எவனாவது வாயைத் தொறந்தா, பேசறதில்ல. கண்ணாடியை விரலால தட்டிக் காட்டறார்."

"நான் அதுக்கா எழுதினேன்?"

"நீ எதுக்கு எழுதினியோ. வியாழக்கிழமை கடைசிக் கூட்டம். இப்பவே அறிவிக்கறதா, தேர்தல் முடிஞ்சு ஒன்பது மாசம் கழிச்சான்னு. ஒன்பது மாசம்னுதான் போகும்போல. சரி, வெள்ளிக்கிழமை உனக்கு நல்ல சேதி வந்தா எனக்கு ட்ரீட்."

தள்ளிப் போடாதே என்று எழுதிய கட்டுரை தள்ளிப் போடுகிறவருக்குத் தாயத்தாகிவிட்டது. அதுவும் தப்பான தாயத்து. அவள் மடித்த சட்டையையே உதறி மறுபடி மடித்தாள். மூன்றாம் தடவை மடிக்கும்போது, "அந்தத் தாளைத் திருப்பி வாங்க முடியுமா?" என்று கேட்டாள்.

"கண்ணாடி கனமா இருக்கும்" என்றேன். சில நேரம் என் வாயை நானே தைத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவள் என் கடைக்கு வந்தாள். பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் வந்ததே தப்பான அறிகுறி. வரும் வழியில் மருந்துக்கடையைப் பார்த்திருக்கிறாள்: ஷட்டரைப் பாதி இறக்கி, ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே விட்டு, சர்க்கரை நோய் ஊசியைப் பாதி பாதியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். வரிசையில் ஒரு அம்மா ஐஸ் கட்டி போட்ட பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்ததாம். இதைச் சொல்லத்தான் வந்தாள். அப்போது என் முன்னால் வாடிக்கையாளர் இருந்ததால் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

வந்தவர் பஸ் ஓட்டுநர். இருபது வருஷம் சேர்த்து வீடு கட்டியவர். கூடத்துத் தரைக்கு நாற்பத்திரண்டு பெட்டி வேண்டும். பார்த்ததும் பிடித்துப்போய் அட்வான்ஸை எடுத்து நீட்டிவிட்டார். இந்த நாளில் நாற்பத்திரண்டு பெட்டி போவது எனக்கு ஒரு மாத வாடகை.

"ஒரு விஷயம் சார்" என்றேன். "முப்பத்தாறு பெட்டி ஒரே சூளையில வந்தது. அதோ மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அந்த ஆறு பெட்டி வேற சூளை. நிறம் ஒரு பொட்டு மாறும்."

அவர் இரண்டு டைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"இந்த டியூப்லைட்ல தெரியாது. ஒட்டின பிறகு, சாயங்கால வெயில் ஜன்னல் வழியா சாய்வா விழும் பாருங்க, அப்பத் தெரியும். வீட்டுல அம்மாவுக்கு மொதல்ல தெரியும்."

"வேற இல்லையா?"

"கப்பல் வந்தாத்தான். அந்த ஆறையும் சோஃபா போடற எடத்துல ஒட்டிக்கோங்க, விலையில குறைச்சுக்கறேன்."

அவர் நீட்டிய பணத்தைத் திரும்பப் பையில் வைத்தார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வீட்டில் கேட்கப் போகிறவர்கள் எங்கே திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டே படியிறங்கினார்.

"அவருக்கே தெரியலைன்னாரே" என்றாள் என் மனைவி. "ஏன் சொன்னீங்க?"

"ஒட்டின பிறகு தெரிஞ்சா தரையை உடைன்னு நிப்பார். எவன் உடைக்கிறது?"

"என் தரை மட்டும் உடையாதா? என்னை வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒட்டச் சொன்னீங்க."

பதில் என்னிடம் இருந்தது, நான் வியாபாரி. "இது கடை. இந்த ஆள் போனா நாளைக்கு இன்னொருத்தர் வருவார். உனக்கு நாளைக்கு இன்னொரு வேலை வருமா?"

"வராது."

"வீட்டுக்குள்ள உக்காந்து என்ன பண்ணுவ?"

"தெரியலை." ஸ்டூலின் கிழிந்த ரெக்ஸினை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் அது தப்பு. தப்பு யாரும் பண்ணலாம். உறையை டேப் போட்டு ஒட்டினேனே, அதுக்கப்புறம் அது பொய். எனக்குச் சம்பளம் வாங்கித் தர்றதுக்காக இன்னொருத்தர் மேசையில உக்காந்து பொய் சொல்லிட்டிருக்கு."

"நீ சொன்னா மட்டும் அவர் அறிவிச்சுடுவாரா?"

"அறிவிக்காம போகட்டும். என் எண்ணைத் தட்டிக் காட்டாம போகட்டும்."

பேரத்தில் இதற்குமேல் இறங்காத விலை என்று ஒன்று உண்டு. அது வார்த்தையில் தெரியாது, குரல் தணிவதில் தெரியும். நான் பில் போடும் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினேன். மூன்று பேருக்கு எழுதினாள்: ஆய்விதழ் ஆசிரியருக்கு, துறைத் தலைவருக்கு, அமைச்சகத் தோழிக்கு. நாலே வரி. திருத்திய எண்களை இணைத்தாள். 'இத்தவறு முழுக்க என்னுடையது' என்ற வரியில் 'முழுக்க' என்பதை ஒருமுறை அழித்தாள், மறுபடி போட்டாள். அனுப்புவதற்கு முன் நாலு வரியையும் மறுபடி படித்தாள். வயர் என் காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது, பிடுங்கியிருக்கலாம். காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். அவருக்குத் துறையில் தராசு என்று பெயர்; எதைக் கேட்டாலும் ஒரு பக்கம், இன்னொரு பக்கம் என்று இரண்டு தட்டிலும் வைத்துவிட்டு முள்ளைப் பார்க்காமல் எழுந்துபோவார். அடுத்த வருஷம் துணைவேந்தர் பதவிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது. காருக்குப் பெட்ரோல் இல்லாததால் நான்தான் அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அறைக் கதவு மழைக்கு உப்பி முழுக்கச் சாத்தாது. உள்ளே பேசுவது வராந்தாவில் பிசிறில்லாமல் கேட்டது.

"ஒரு பக்கம் பாத்தா, இது நேர்மை. நான் மதிக்கறேன்மா. இன்னொரு பக்கம் பாத்தா, செவ்வாய்க்கிழமை மெயில் அனுப்பியிருக்கீங்க, வெள்ளிக்கிழமை கூட்டம். நடுவுல மூணே நாள். உங்களால பொறுக்க முடியலையா?"

"ஞாயித்துக்கிழமையே தெரியும் சார். ரெண்டு நாள் பொறுத்துட்டுத்தான் அனுப்பினேன்."

"அதை ஏம்மா என்கிட்ட சொல்றீங்க?"

"தேதி முக்கியம் சார். தேதியை ஒழுங்கா எழுதாததாலதான் இவ்வளவும்."

"சரி. நான் இன்னும் அந்த மெயிலைத் தொறக்கலைன்னு வெச்சுக்குவோம். வாரக் கடைசி, வேலை ஜாஸ்தி. திங்கட்கிழமைதான் தொறக்கறேன். அதுக்குள்ள கூட்டம் பாட்டுக்குக் கூட்டம்."

"கையில பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கீங்களே சார்."

தாளைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் முகம் கழுவிய மாதிரி வெளுத்திருந்தது. "அவர் மோசமானவர் இல்லீங்க" என்றாள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே. "எனக்கு உதவி பண்ணத்தான் பாத்தார். அதுதான் பயமா இருக்கு."

வியாழக்கிழமை சாயங்காலம் தோழி போன் செய்தாள். குரலில் சிரிப்பும் களைப்பும் ஒன்றாக இருந்தன.

"பழைய தாளை எடுத்தாச்சுடி. புதுத் தாள் கண்ணாடிக்கு அடியில போயாச்சு."

"படிச்சாரா?"

"இருபத்தொன்பதுல இருபத்தாறுங்கிற வரியை மூணு தடவை. 'அப்ப அடுத்து வர்றவன் பிழைக்கிறான்'னார். கூட்டத்தை அப்படியே விட்டுட்டு நேரா பிரதமர்கிட்ட போய் இலாகாவை மாத்திக் கேட்டிருக்கார்."

"எந்த இலாகா?"

"விளையாட்டு."

ஐந்து நாளில் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. தப்பான எண் அவரை நாற்காலியில் ஒட்டி வைத்தது. சரியான எண் பின்கதவைக் காட்டிக் கொடுத்தது. இரண்டையும் எழுதியவள் இவள்.

"அறிவிப்பு?" என்று கேட்டாள்.

"புதுசா வர்றவர் ரெண்டு வாரத்துல அறிவிப்பார்னு பேச்சு. ஒன்பது மாசம் ரெண்டு வாரமாச்சு. அதை நெனச்சுக்கோ."

அவள் அதை நினைத்துக்கொண்டுதான் இருந்தாள் என்று நினைக்கிறேன். போன் அணைந்த பிறகும் கையிலேயே வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தராசுக்கு முதுகுவலி வந்துவிட்டது. மருத்துவ விடுப்பு. குழுவுக்கு அன்றைக்கு மட்டும் தலைமை தாங்கியவர், பக்கத்துத் துறையிலிருந்து ஆறு மாதம் முன்னால் மாறி வந்த ஒருவர். நாலு மணிக்கு அவளைக் கூப்பிட்டு, நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு உட்கார வைத்து, மிகவும் மரியாதையாகச் சொன்னாராம்: ஏற்கப்பட்ட கட்டுரை திரும்பப் பெறப்பட்ட நிலையில் நிரந்தரப் பணிக்குக் குழு பரிந்துரைக்க இயலவில்லை, ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது. "இந்தப் பொறுப்பு எனக்குக் காலையிலதாங்க வந்துச்சு" என்று கையை விரித்தாராம்.

"இருபத்தேழாவது ஆள்" என்றாள் என்னிடம். "இவருக்கு ஒண்ணும் ஆகாது."

இதைச் சொன்னது கடையில். வெயில் சாய்ந்துவிட்டிருந்தது. ஆய்விதழ்க்காரர் திருத்திப் புதுக் கட்டுரையாக அனுப்பினால் பார்க்கிறோம் என்று எழுதியிருக்கிறார். பார்ப்பதற்கு இரண்டு வருஷம் ஆகும். ஜூனுக்கு நாலு மாதம் இருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். நாட்டின் வெளிநாட்டுப் பணக் கையிருப்பு மூன்று வாரச் செலவுக்குக் கீழே போன நாள்தான் அமைச்சருக்கு விஷயம் தெரிந்த நாள் என்பது அவள் கணக்கு. தெரிந்த ஒரு மாதத்துக்குள், யாரும் தள்ளாமல், தன் கடனைத் தானே ஒப்புக்கொண்டவர்கள் தொண்ணூற்றாறில் நாலே பேர்.

"அந்த நாலு பேர் என்ன ஆனாங்க?" என்றேன்.

"ரெண்டு பேர் இருந்தாங்க. ரெண்டு பேர் போனாங்க."

"இதுலேருந்து என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியாது. நாலை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"உன்னை அஞ்சாவதா சேத்துக்கோ."

"எப்படிச் சேக்கறது? ரெண்டு நாள் ஒளிச்சேனே."

"அந்த ரெண்டு நாளை என் பேர்ல எழுதிக்கோ" என்றேன். விளையாட்டாகத்தான் தொடங்கினேன், குரல் விளையாட்டாக முடியவில்லை. "உறையை ஒட்டினது நீ. ஒட்டச் சொன்னது நான். திங்கட்கிழமையே மெயில் போயிருந்தா கட்டுரை கொஞ்சம் கௌரவமா விழுந்திருக்கும். தராசுகிட்ட ரெண்டு நாள்னு ஒத்துக்க வேண்டியதும் இருந்திருக்காது."

"ஆராய்ச்சியில ஜாமீன் கெடையாது, முதலாளி" என்றாள். லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்து, "ஆனா கேட்டதுக்கு நன்றி" என்றாள்.

"அந்த ஓட்டுநர் வந்தாரா?" என்று கேட்டாள் பிறகு.

"வரலை. எதிர்க்கடையில வாங்கிட்டார். வண்டியில ஏத்தறதைப் பாத்தேன்."

"சொன்னதுக்கு வருத்தமா?"

"அந்த நாப்பத்திரண்டு பெட்டியைப் பாக்கறப்பெல்லாம் வருத்தமாத்தான் இருக்கு."

அவள் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து பெட்டிகள் பக்கம் போனாள். ஆறு பெட்டியில் இரண்டில் மஞ்சள் ஸ்டிக்கர் உரிந்து கீழே விழுந்து கிடந்தது. இந்தப் பக்கத்து ஈரத்துக்கு எதுவும் நிற்காது. எது எந்தச் சூளை என்று எனக்கே ஒரு நிமிஷம் தடுமாறியது. அவள் குனிந்து பெட்டியின் அடியில் இருந்த எண்ணைப் படித்தாள். கல்லாவிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்துவந்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் நாலு பக்கமும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பெரிய எழுத்தில், 'நிறம் மாறும்' என்று எழுதினாள்.

"ஸ்டிக்கர் இருக்கே" என்றேன்.

"கலர் நிக்காது" என்றாள் நிமிராமல். "எழுதணும்."

மார்க்கர் நாலாவது பெட்டியில் தீர்ந்துபோனது. வேறொன்று தேடி எடுத்துக் கொடுத்தேன்.